30 வீத வாக்கு, 8 ஆசனம்!

"கூட வோட் எடுத்தவன் வெல்லுறான், இதிலை என்ன குழப்பம்?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். அவனுக்காகவே இந்தக் கட்டுரை. இலங்கையின் பழைய தேர்தல் முடிவுகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 38 வீத வாக்குப் பெற்றது, ஆசனம் 17. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குச் சுமார் 37 வீதம், ஆசனம் 91! இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுப் போட்டியிட்டதால் வந்த இலாபம் அது. கூட்டணிக்கு மொத்தம் 116 ஆசனங்கள். அந்தப் பலத்தில்தான் 1972 குடியரசு யாப்பு வந்தது.

1977இல் காற்று மாறி வீசியது. ஐ.தே.க. சுமார் 51 வீத வாக்கோடு 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்தும் கிடைத்தது 8 மட்டுமே. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு சுமார் ஆறரை வீதம்தான், ஆனால் 18 ஆசனங்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். காரணம் இலகு: ஒருவரின் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது, மற்றவரின் வாக்கு வடக்குக் கிழக்கில் திரண்டு நின்றது. தொகுதி முறையில் வாக்கு எத்தனை என்பதை விட எங்கே என்பதுதான் முக்கியம்.

சரி, இந்த முறையால் அதிக இலாபம் கண்ட ஜே.ஆர். ஜயவர்த்தனா அதை ஏன் மாற்றினார்? 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டு வந்தது. சிறு கட்சிகளுக்கும் நியாயம் என்று சொல்லப்பட்டது. விமர்சகர்கள் வேறு கதை சொல்கிறார்கள். விகிதாசாரத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை எடுப்பது மிகக் கடினம். ஆகவே தான் எழுதிய யாப்பை அடுத்தவர் தொடாதபடி போட்ட பூட்டு இது என்கிறார்கள். எனக்கும் இரண்டாவது கதையில்தான் நம்பிக்கை. ஏனென்றால் புதிய முறையில் உடனே தேர்தல் நடக்கவில்லை. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே 1977 பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. இடையில் 1983 வந்து போனதை நான் சொல்லத் தேவையில்லை.

நியாயம்தான் நோக்கம் என்றால் மாவட்ட வெட்டுப்புள்ளியை ஏன் முதலில் 12.5 வீதமாக வைத்தார்கள்? எட்டில் ஒரு பங்கு எடுக்காத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் ஒன்றுமில்லை. 1988இல்தான் அது 5 வீதமானது. சிதறி வாழும் முஸ்லிம், மலையக மக்களின் கட்சிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

பூட்டு தாங்கியதா? 2010இல் 144, 2020இல் 145 ஆசனங்கள் எடுத்த அரசுகள் கட்சி தாவியவர்களைச் சேர்த்துக்கொண்டு 18ஆம், 20ஆம் திருத்தங்களை நிறைவேற்றின. 2024இல் தேசிய மக்கள் சக்தி 61.6 வீத வாக்கோடு 159 ஆசனங்கள் எடுத்து, யாருடைய தயவும் இல்லாமலே 225இல் மூன்றில் இரண்டைத் தாண்டியது.

அதே தேர்தலில் யாழ். மாவட்டத்தைப் பாருங்கள். தேசிய மக்கள் சக்திக்குச் சுமார் 25 வீத வாக்கு, ஆறில் 3 ஆசனம். முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. மீதி வாக்குகள் பல தமிழ்க் கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் பிரிந்து போயின. 1977இல் திரண்டு நின்று பெற்ற இலாபத்தை, 2024இல் சிதறி நின்று இழந்தோம்.

ஆக நண்பா, எந்த முறையும் தானாக நியாயம் தராது. விகிதாசாரத்தை ஒழித்துப் பழைய தொகுதி முறைக்கே போகலாம் என்று யாராவது சொன்னால், முதலில் 1970ஐயும் 1977ஐயும் அவருக்குக் காட்டு. இல்லை, இப்போதுள்ளதே போதும் என்று சொன்னால், யாழ்ப்பாணக் கணக்கைக் காட்டு. விதியை எழுதுகிறவர் யார், எப்போது எழுதுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உன் கருத்து என்ன?