முன்னரே உள்ள நோயும் வலுவிழப்புக் காப்புறுதியும்: யாழ்ப்பாணக் குடாநாடு

வலுவிழப்புக் காப்புறுதி என்பது நோயினாலோ விபத்தினாலோ உழைக்கும் ஆற்றலை இழந்தவருக்குப் பணம் வழங்க உடன்படும் ஒப்பந்தம். அதில் சேரும் முன்பே ஒருவருக்கு இருந்த நீரிழிவு, இருதய நோய், பழைய காயம் முதலியன 'முன்னரே உள்ள நோய்' எனப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகையோருக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, தனியாளின் உடல்நிலையை மதிப்பிட்டு விலை வைக்கும் வணிகக் காப்புறுதி. மற்றையது, தொழிலையும் பங்களிப்பையும் அடிப்படையாகக் கொண்ட சட்டத் திட்டங்கள். நோயுள்ளவருக்கு முதலாவது வழி ஒடுங்கிவிடுகிறது. இரண்டாவது திறந்திருக்கிறது, ஆனால் அங்கே கிடைக்கும் தொகை பெரும்பாலும் சிறியது.

சட்டப் பின்னணி

இலங்கையில் காப்புறுதித் தொழில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. மேற்பார்வை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவினுடையது. ஆயுள் காப்புறுதியில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் மரபு 19ஆம் நூற்றாண்டிலேயே குடிசார் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியே வந்தது. 'அதியுயர் நம்பிக்கை' என்னும் கோட்பாடும் அதனோடு வந்தது: விண்ணப்பிப்பவர் தன் உடல்நிலை பற்றித் தெரிந்த முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

வணிகக் காப்புறுதியில் நோயின் இடம்

இழந்த சம்பளத்தை மாதாமாதம் ஈடுசெய்யும் தனி வலுவிழப்புக் காப்புறுதி மேலைநாடுகளில் பரவலாக உண்டு. இலங்கையில் வலுவிழப்புக் காப்பு பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு இணைக்கப்படும் மேலதிகக் காப்பாகவே விற்கப்படுகிறது. விபத்தினால் வரும் வலுவிழப்புக்கு மட்டும் ஒரு வகையும், விபத்து, நோய் இரண்டையும் சேர்த்து 'முழுமையான நிரந்தர வலுவிழப்பு' என்று இன்னொரு வகையும் உள்ளன.

நோயை அறிவித்தவருக்கு நிறுவனம் ஐந்து விடைகளில் ஒன்றைத் தரலாம்: வழமையான கட்டுப்பணத்தில் ஏற்றல், கட்டுப்பணத்தைக் கூட்டி ஏற்றல், குறித்த நோயை அல்லது உறுப்பை விலக்கி ஏற்றல், சில காலம் ஒத்திவைத்தல், மறுத்தல். கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவுக்குக் கட்டுப்பணம் கூடலாம். பார்வையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருந்தால் மறுப்பு வரக்கூடும். விபத்தினால் வரும் வலுவிழப்புக்கு மட்டுமான காப்பு அத்தகையவருக்கும் சிலவேளை கிடைக்கும். ஆனால் நீரிழிவுப் புண்ணால் கால் அகற்றப்பட்டால் அது விபத்தாகாது, பணமும் வராது.

குடாநாட்டின் தனிச்சூழல்

2009இல் முடிந்த போர், காயமும் உறுப்பிழப்பும் உள்ள பலரைக் குடாநாட்டில் விட்டுச்சென்றது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்திவருகிறது. இரு கண்களை, இரு அவயவங்களை அல்லது ஒரு கண்ணையும் ஓர் அவயவத்தையும் இழப்பதையே பல ஒப்பந்தங்கள் முழு வலுவிழப்பாக வரையறுக்கின்றன. ஏற்கெனவே ஒரு காலை இழந்தவர் மற்றக் காலையும் இழந்தால் அவருக்கு எஞ்சியதெல்லாம் போய்விடுகிறது. ஆனால் ஒப்பந்தக் காலத்தில் போனது ஒரு கால் மட்டுமே. இதை எப்படிக் கணிப்பது என்பது ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுத் தெளிய வேண்டிய இடம் இது.

மருத்துவப் பதிவு இன்னொரு சிக்கல். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கிய வலிகாம இடப்பெயர்விலும் அடுத்து வந்த இடப்பெயர்வுகளிலும் பலரின் பத்திரங்கள் தொலைந்தன. போதனா வைத்தியசாலையிலோ பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ மருந்தெடுப்பவருக்குக் கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்ட்டுமே சான்று. நோய் எப்போது தொடங்கியது, எவ்வளவு கட்டுப்பாட்டில் உள்ளது என்பதை அவை காட்டுகின்றன. மறைத்ததாகக் குற்றம் சாட்டப்படும்போதும் அவையே எடுத்துப் பார்க்கப்படும். முகவர் படிவத்தைத் தானே நிரப்பி, நோய்க் கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று எழுதினாலும், கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பாளியாகக் கருதப்படக்கூடும்.

உடல்நிலை கேளாத திட்டங்கள்

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதியத்தில் சேர மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் தன் சேமிப்பை அதற்குரிய வயது வருமுன்பே பெறலாம். தொழில்தருநர் மட்டும் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியம் நிரந்தர வலுவிழப்புக்குத் தனிக் கொடுப்பனவு வழங்குகிறது. வேலையிடத்து விபத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உள்ளது. விபத்து வேலையினால் வேலையின்போது நேர்ந்ததா என்பதே அங்கே முதற் கேள்வி.

வலிகாமத்து வெங்காயச் செய்கையாளருக்கும் குருநகர், மயிலிட்டி மீனவருக்கும் பனையேறிக் கள்ளிறக்கும் சீவல் தொழிலாளருக்கும் பெரும்பாலும் தொழில்தருநர் இல்லை. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஏனைய சுயதொழிலாளருக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சமூகப் பாதுகாப்புச் சபை உண்டு. இவற்றில் வலுவிழப்புக் கொடுப்பனவும் அடங்கும். ஆனால் உயரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளியின் குடும்பத்தை அந்தத் தொகை நெடுங்காலம் தாங்காது.

முறைப்பாடும் உரிமையும்

உரித்துக்கோரல் மறுக்கப்பட்டவர் காரணத்தை எழுத்தில் பெற்று முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். தீராவிடில் 2005இல் தொடங்கிய காப்புறுதி ஒம்புட்ஸ்மனையோ ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையோ நாடலாம்.

இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. வலுவிழப்புடனான ஆட்களின் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, சுகாதாரக் காப்புறுதியிலும், நாட்டுச் சட்டம் இடமளிக்கும் ஆயுள் காப்புறுதியிலும் வலுவிழந்தோரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்யக் கோருகிறது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் முன்னரே உள்ள நோயைக் காட்டி மருத்துவக் காப்புறுதியை மறுப்பதை நிறுத்தியது. வலுவிழப்புக் காப்புறுதிக்கு அது பொருந்தவில்லை. இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் வலுவிழந்தோருக்கென மருத்துவக் காப்புறுதி ஒன்றை வழங்குமாறு பணித்தது. இவ்விரு நாட்டு ஏற்பாடுகளும் மருத்துவச் செலவுக்கே உரியவை. உழைப்பை இழந்தவரின் வருமானம் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.