லெபோ அம்பாங் கிட்டங்கிகளும் கடன் இடர் மதிப்பீடும்

கொடுத்த பணம் திரும்புமா என்று முன்கூட்டியே எடைபோடுவதே கடன் இடர் மதிப்பீடு. கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இதை அன்றாட வேலையாகச் செய்துவந்தனர்.

1880இல் சிலாங்கூர் நிர்வாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஈயமும் பின்னர் ரப்பரும் நகரை வளர்த்தன. ஐரோப்பிய வங்கிகள் பெரிய கம்பெனிகளையே நாடின. சிறு வியாபாரிக்கும் சிறுதோட்டக்காரருக்கும் அரசாங்கக் கிராணிக்கும் செட்டியார்தான் வங்கி.

கிட்டங்கி ஒரு நீண்ட கூடம். அதில் பல மார்க்காக்கள் (தனித்தனிக் கடன் கடைகள்) கைப்பெட்டியும் பேரேடுமாக அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். யார் எந்தப் பெட்டியில் வாங்கினார், எங்கே தவணை தவறினார் என்பதெல்லாம் பக்கத்துப் பெட்டிக்குத் தெரியாமல் போகாது. (மலேசிய மத்திய வங்கியான பாங்க் நெகாராவின் ‘சிக்ரிஸ்’ கடன் தகவல் அமைப்பு ஏறத்தாழ இதே வேலைக்காக 2001இல் வந்தது.) கொடுப்பதா வேண்டாமா என்பது மேலாளின் முடிவு. அடுத்தாள் வசூலுக்கு அலைவார். பெட்டியடிப் பையன் பார்த்துப் பழகுவான். மேலாளும் செட்டிநாட்டு முதலாளியின் சம்பளக்காரரே. பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவார். புதியவர் பேரேட்டைச் சரிபார்த்துப் பொறுப்பேற்கும்போது பழையவர் கொடுத்த வாராக்கடன் வெளிப்பட்டுவிடும். இன்றைய உள்தணிக்கை இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிடுகிறது!

நிலத்தின் கிராண்டு (உரிமைப் பத்திரம்) ஈடாக வந்தால் வட்டி இறங்கும். புரோநோட்டில் வெறும் கையெழுத்தென்றால் ஏறும்.

இந்தக் கிட்டங்கி முறை ஆளை நன்றாக எடைபோட்டது, சந்தையை எடைபோடவில்லை. 1925இல் ஒரு டாலரைத் தாண்டிய ராத்தல் ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே போனது. ரப்பர் தோட்டத்தையே ஈடாக வாங்கி ரப்பர்க்காரருக்குக் கொடுத்த கடனில், விலை சரிந்தால் ஆளும் ஈடும் சேர்ந்தே விழும். அப்படித்தான் ஆயிற்று. நாணயமானவரும் அல்லாதவரும் ஒருசேரத் தவணை தவறினர். கிராண்டுகள் பெட்டியில் குவிந்தன. நிலத்தை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. அதே வேளையில் 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933இல் இறுக்கப்பட்டது. ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடமானம் வைப்பதும் தடுக்கப்பட்டது. சட்டமே மாறக்கூடும் என்ற இடரைப் பேரேடு காட்டாது.

1951இல் கடன் கொடுப்போர் சட்டம் வந்தது. இன்று அச்சட்டப்படி உரிமம் கட்டாயம். ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும் ஈடில்லாததற்கு 18 விழுக்காடுமே உச்ச வட்டி. ஆளைப் பார்த்து அதற்குமேல் வட்டியை ஏற்ற வழியில்லை.