கலவை மேசையில் பிறந்த நடன இசை: பிலிப் ஸ்தாரும் பிரெஞ்சு ஹவுஸின் தோற்றமும்

பிரெஞ்சு ஹவுஸ் இசை எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. இரவு விடுதி என்பது ஒன்று. 1987இல் மான்செஸ்டரின் ஹசியெண்டாவில் இசைத்தட்டு சுழற்றத் தொடங்கி, 1994இல் எரிக் மொராவுடன் சேர்ந்து எஃப் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய லோரான் கார்னியேயை அந்த விடைக்குச் சாட்சியாக நிறுத்துவார்கள். படுக்கையறை என்பது இன்னொன்று. வீட்டிலேயே செய்த இசைக்கு ‘ஹோம்வொர்க்’ என்று பெயரிட்டு 1997இல் வெளியிட்ட டாஃப்ட் பங்க் அதற்குச் சாட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அதை வரலாறு எழுதியவர்கள் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அது தொழில்முறை ஒலிப்பதிவுக் கூடம். ஸ்தார் என்ற பெயரில் அறியப்பட்ட பிலிப் செர்போனெஸ்கியின் (1967–2019) தொழில் வாழ்க்கையை வரிசைப்படி பார்த்தால், ‘ஃப்ரெஞ்ச் டச்’ என்று உலகம் பெயரிட்ட அந்த ஒலியின் முக்கியமான ஒரு பகுதி சவுண்ட் இன்ஜினியரின் கைவினையிலிருந்து வந்தது என்பது தெரியும். அவர் டிஜே ஆனதும் பிறகு ராக் குழுக்களின் தயாரிப்பாளர் ஆனதும் அந்தக் கைவினையின் இரண்டு கிளைகள் என்பதே என் வாதம்.

ஸ்தார் பாரிஸின் ஒலிப்பதிவுக் கூடங்களில் உதவியாளராக வேலை கற்றவர். அவருடைய நெடுநாள் கூட்டாளி பூம்பாஸ், அதாவது உபேர் பிளான்-பிரான்கார், பிரான்ஸின் பெயர்பெற்ற ஒலிப்பதிவாளர் தொமினிக் பிளான்-பிரான்காரின் மகன். இன்னொரு கூட்டாளியான எத்தியன் தெ கிரேசியும் கூடத்து உதவியாளராக இருந்தவரே. ஸ்தாரும் அவரும் பழகியது பிளஸ் முப்பது என்ற பாரிஸ் ஸ்டுடியோவில். மூவருக்கும் பொதுவான பள்ளி கலவை மேசைதான். அங்கே அவர்கள் முதலில் கையாண்டது நடன இசை அல்ல, ராப். எம்.சி. சோலார் 1994இல் வெளியிட்ட ‘ப்ரோஸ் கோம்பா’ ஆல்பத்தில் பூம்பாஸ் இசையமைப்பிலும் ஸ்தார் ஒலிக்கலவையிலும் பங்காற்றினார்கள். பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த சில நொடித் துண்டு திரும்பத் திரும்ப ஓடும். அதன் நடுவில் பேஸும் டிரம்மும் கனமாக இறங்க வேண்டும். பாடகரின் சொல் ஒன்றுகூட மூழ்கக் கூடாது. ராப் கலவையின் இந்தக் கணக்கைப் பழகிய காதுதான் பின்னால் ஹவுஸுக்குள் நுழைந்தது.

நுழைந்த வழியையும் கவனிக்க வேண்டும். ஸ்தாரும் பூம்பாஸும் லா ஃபங்க் மாப் என்ற பெயரில் செய்த, பாடல் வரிகளற்ற ஹிப்-ஹாப் இசையை 1994இல் லண்டனின் மோ வாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதை மறுகலவை செய்தவர்களில் ரிச்சி ஹாட்டினும் கார்ல் கிரெய்க்கும் இருந்தார்கள். டெட்ராய்ட் டெக்னோ வட்டத்தைச் சேர்ந்த இருவர். அப்படியானால் ராப்புக்கும் நடன இசைக்கும் இடையே பிற்கால விமர்சகர்கள் எழுப்பிய சுவர் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ரேவ் இரவுகள் ஸ்தாரை ஹவுஸ் பக்கம் இழுத்தன. ஆனால் அவர் தன் கருவிப்பெட்டியை மாற்றிக்கொள்ளவில்லை. தெ கிரேசியுடன் மோட்டார்பாஸ் என்ற பெயரில் 1996இல் வெளியிட்ட ‘பான்சோல்’ இதற்குச் சான்று. வேகம் ஹவுஸின் வேகம். டிரம்மின் கரகரப்பும் பேஸின் அடர்த்தியும் ராப் மேசையிலிருந்து வந்தவை. சிகாகோ ஹவுஸின் பளிச்சென்ற துள்ளலை எதிர்பார்த்து இதைக் கேட்பவருக்குச் சற்றுப் புழுக்கமாகவே இருக்கும். என் கணிப்பில் ‘ஹோம்வொர்க்’கையும் சேர்த்துப் பார்த்தாலும் பிரெஞ்சு ஹவுஸின் மிக நல்ல ஆல்பம் இதுதான். அதே 1996இன் முதல் நாளில் பிரெஞ்சு வானொலிகளில் ஒலிக்கும் பாடல்களில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும் என்ற சட்ட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு ராப்புக்கு அது வரமாக அமைந்தது. சொல்லே இல்லாத, இருந்தால் ஆங்கிலத்தில் இருக்கிற ஹவுஸுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அது கடல் தாண்டிக் காது தேடியதில் வியப்பும் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: ‘ஹோம்வொர்க்’ எந்தக் கூடத்தில் பிறந்தது? வீட்டில் செய்த இசைதானே உலகை வென்றது? இடம் வீடுதான், ஆனால் அங்கே நடந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஹவுஸை ஒரு நொடியில் அடையாளம் காட்டுபவை இரண்டு உத்திகள். முதலாவது ஃபில்ட்டர்: உச்ச அலைவரிசைகளை அடைத்துவிட்டால் இசை பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் கேட்பதுபோல் மங்கும், மெல்லத் திறந்தால் கதவு திறந்ததுபோல் கூட்டத்தின் மேல் கொட்டும். இரண்டாவது கம்ப்ரஷர்: கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் மற்ற ஒலிகளெல்லாம் அமுங்கி, அடுத்த அடிக்குள் மறுபடி எழும்; இசையே மூச்சு விடுவதாகத் தோன்றும். இவை இரண்டும் மெட்டமைப்பவரின் கருவிகள் அல்ல, கலவை மேசையின் கருவிகள். ஒலி அளவு எகிறாமல் காவல் காக்க வைத்திருந்த கம்ப்ரஷரை வெளிப்படையாகத் தாளம் போட வைத்ததே இந்தத் தலைமுறையின் குறும்பு. தவிர, டாஃப்ட் பங்கின் தொமா பங்கல்தேர் வேறு எவரும் அல்ல, ஒட்டவான் குழுவின் டிஸ்கோ வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த தயாரிப்பாளர் தானியல் வாங்கார்டின் மகன். பூம்பாஸின் வீட்டைப் போலவே அங்கும் தொழில் தகப்பன் வழியாகவே வந்து சேர்ந்தது. படுக்கையறைக் கதையின் வசீகரம் இந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு, இது அத்தனையும் இரவல் என்பது. ஸ்தாரும் பூம்பாஸும் காசியஸ் என்ற பெயரில் செய்து, 1999 ஜனவரியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் ஏறிய ‘காசியஸ் 1999’ டோனா சம்மரின் பாட்டிலிருந்து வெட்டிய துண்டின்மேல் நிற்கிறது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தின் ‘ஃபீலிங் ஃபார் யூ’ க்வென் மெக்ரேயின் குரல்மேல். கறுப்பின அமெரிக்கர்களின் உழைப்பு இல்லாமல் காசியஸ் செய்த எதுவும் இல்லை. இதை மறுப்பதற்கில்லை, மழுப்பவும் கூடாது. ஆனால் துண்டு இரவல் என்பதால் அந்தத் துண்டின் ஒலியும் இரவல் ஆகிவிடாது. மூலப் பாட்டையும் காசியஸ் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். வேறுபாடு முழுவதும் எடை, இடைவெளி, அழுத்தம் ஆகியவற்றில் இருக்கிறது. 2010இல் காசியஸ் எட் பேங்கர் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘ஐ லவ் யூ சோ’வை மறு ஆண்டே ஜே-ஸீயும் கான்யே வெஸ்ட்டும் தங்கள் ஆல்பத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டார்கள். கடன் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க ராப் அங்கே திரும்ப வாங்கியது ஒரு பாரிஸ் கலவை மேசையின் ஒலியை என்று மட்டும் குறிக்கிறேன்.

ஹவுஸ் அலை ஓய்ந்தபின் பிழைப்புக்காகவே ஸ்தார் ராக் பக்கம் ஒதுங்கினார் என்பாரும் உண்டு. ஆண்டுகள் இதற்கு இடம் தரவில்லை. ஃபீனிக்ஸ் குழுவின் முதல் ஆல்பமான ‘யுனைட்டெட்’டின் கலவையில் அவர் கைவைத்தது 2000இல், காசியஸ் உச்சத்தில் இருந்த நேரத்தில். இரண்டாவது காசியஸ் ஆல்பம் ‘ஓ ரேவ்’ அதற்குப் பிறகே, 2002இல் வந்தது. பிரபலக் குரல்கள் நெருக்கியடிக்கும் இடங்களில் அது தடுமாறுகிறது. ‘தி சவுண்ட் ஆஃப் வயலன்ஸ்’ பாட்டில் ஸ்டீவ் எட்வர்ட்ஸின் குரலை இன்னொரு வாத்தியமாக நடத்தியபோது நிமிர்ந்து நிற்கிறது. பாரிஸின் மார்த்திர் தெருவில் ஸ்தார் அமைத்த கூடத்துக்கு மோட்டார்பாஸ் என்றே பெயர். ஹவுஸ் குழுவின் பெயரை ராக் பதிவு நடக்கும் கட்டடத்துக்குச் சூட்டியவர் இரண்டையும் வேறு வேறாக எண்ணியிருக்க முடியாது. அவர் தயாரித்த ஃபீனிக்ஸின் ‘வுல்ஃப்காங் அமேடியஸ் ஃபீனிக்ஸ்’ (2009) மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அதில் கிதார்கள் துல்லியமாக வெட்டப்பட்டு, கிக் டிரம்முக்கு வழிவிட்டு நிற்கின்றன. பீஸ்டி பாய்ஸ், கேட் பவர், தி ராப்ச்சர், ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட் என்று அடுத்தடுத்து அவரிடம் வந்தவர்களுக்குள் இசை வகையால் ஒற்றுமை காண்பது கடினம்.

2019 ஜூன் 19 அன்று பாரிஸில் ஒரு கட்டடத்திலிருந்து தவறி விழுந்து ஸ்தார் இறந்தார். இரண்டு நாள் கழித்து, பிரான்ஸ் 1982 முதல் இசைத் திருநாளாகக் கொண்டாடும் ஜூன் 21 அன்று, காசியஸின் ‘ட்ரீம்ஸ்’ வெளியானது. அவர் தயாரிப்பில் பங்கேற்ற ஹாட் சிப் குழுவின் ‘எ பாத் ஃபுல் ஆஃப் எக்ஸ்டசி’யும் அதே நாளில் கடைக்கு வந்தது.