இருப்பறிந்து உலை வைத்தோர்

கடாரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் நினைவில் எழுவது 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் செலுத்திய கடற்படையே. அடுத்து, புஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் நினைவுக்கு வரும். அதன்பின் பால்மரமும், கங்காணி முறையும், தொழிற்சங்கப் போராட்டங்களும் வரிசையாக வந்து நிற்கும். ஆயின் கெடா மாநிலத் தோட்டங்களில் குடியேறிய தமிழர் நாள்தோறும் மூட்டிய அடுப்பைப் பற்றியும், அந்த அடுப்படியில் நம் பெண்கள் காத்துவந்த உணவு இருப்பைப் பற்றியும் நம் வரலாற்று நூல்கள் பேசுவது அரிது. கூலி எவ்வளவு என்று எழுதியவர்கள், அந்தக் கூலி மாதக் கடைசி வரை எவ்வாறு சோறாயிற்று என்பதை எழுதாமல் விட்டனர்.

இன்று சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் குளிர்பதனப் பெட்டியோடு, தனியாக ஓர் உறைபெட்டியும் இடம்பெற்றுவிட்டது. நம் மக்கள் பேச்சில் இரண்டுக்கும் ஐஸ் பெட்டி என்பதே பெயர். அதன் அடியில் போன தீபாவளிக்கு வாங்கிய ஆட்டிறைச்சி கிடக்கும். அதன்மேல் மலிவு விற்பனையில் வாங்கிய கோழி. அதற்கும் மேல் பெயர் மறந்துபோன மீன் பொட்டலங்கள். பெட்டி நிறைந்திருக்கும்போதே, சமைக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக் கடைக்குப் போகும் வழக்கமும் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. நிறைந்து வழியும் பெட்டியை முறையாகச் சமைத்துத் தீர்ப்பது எப்படி என்பது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நம் தோட்டப்புறத்தில் நூறாண்டு வரலாறு உண்டு. சேமிக்கும் கருவியைக் கடையில் வாங்கிவிடலாம். சேமித்ததைச் செலவிடும் அறிவை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுத்தான் பெறவேண்டும். இக்கட்டுரை அவ்வறிவு வளர்ந்த கதையைச் சுருங்கக் கூறுவதாகும்.

கெடா மலாயாவின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்குக்கு வந்த இம்மாநிலத்தில், வடக்கே வயல்களும் தெற்கே ரப்பர்த் தோட்டங்களும் அருகருகே வளர்ந்தன. எனினும் தோட்டத் தமிழர் உண்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. போருக்கு முன்னர் மலாயாவின் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியாயிற்று. நம்மவர் விரும்பியது புழுங்கலரிசி. அந்த விருப்பம் அவர்களை ஒரு கொடிய நோயிலிருந்து காத்தது என்பது மருத்துவ வரலாற்றில் பதிவான உண்மை.

அக்காலத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் மிக அரிதாயிருந்ததைக் கவனித்து 1907-இல் நூலொன்று எழுதினார். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சாலைப் பணியாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். தீட்டிய வெள்ளையரிசி உண்ட பிரிவில் மட்டுமே நோய் தோன்றியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே ஏறிவிடுகிறது என்னும் விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது. புழுங்கலரிசி கெட்டியானது, நெடுநாள் இருப்பு வைக்க ஏற்றது. நம் முன்னோர் இருப்புக்காகவும் சுவைக்காகவும் கைக்கொண்ட முறை உயிரையும் காத்தது.

தோட்டக் குடும்பத்தின் பொருளியல் சம்பள நாளைச் சுற்றிச் சுழன்றது. மாதத்தில் ஒரு நாள் கையில் பணம். மற்ற நாள்களில் கடைக்காரரின் கணக்குப் புத்தகம். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்ததற்கு, கூலி அடுப்படிக்குச் சேராமல் கள்ளில் கரைந்த நிலையும் ஒரு காரணமாகும். சம்பளத்தன்று வீட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் முப்பது நாள் ஓடவேண்டும். ஆகவே குடும்பத்தலைவி வாரந்தோறும் இருப்பைப் பார்த்துக் கணக்கிட்டாள். அரிசி பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் இருந்தது. வண்டு வராமலிருக்க வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் இடப்பட்டன. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் போட்டுவைப்பது வழக்கம். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி இரண்டு மூன்று நாள் பசியைத் தாங்கியது.

இன்னொரு காலக்கணக்கும் இருந்தது. கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. பால்மரம் இலையுதிர்ப்பதும் அப்பருவத்தில்தான். அப்போது பால் குறையும், வருவாயும் குறையும். ஆனால் வெயில் தடையின்றிக் காயும். வருவாய் குறைந்த அப்பருவமே வற்றல் போடும் பருவமாயிற்று. மோர் மிளகாய், கத்தரி வற்றல், மாவற்றல், சோற்று வடகம் எல்லாம் லயத்து வாசலில் பாயில் காய்ந்தன. மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தஞ்சோங் டாவாய் போன்ற கடலோர ஊர்களிலிருந்து நெத்திலியும் கருவாடும் வந்தன. வீட்டையொட்டிய பாத்தியில் முருங்கையும் பூசணியும் மரவள்ளியும் நின்றன. பிடுங்கும் வரை கெடாமல் நிற்கும் செடிகளை வைத்திருப்பதும் ஒருவகை இருப்புத்தான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இருப்பை வைப்பதைவிட அதைத் தீர்ப்பதிலேயே அவர்களுடைய திறம் வெளிப்பட்டது. பழையது முதலில் என்பது எழுதாத சட்டம். புதிய அரிசி வந்தால் பழைய அரிசியைக் கொட்டியெடுத்துப் புதியதை அடியிலிட்டு, பழையதை அதன்மேல் பரப்புவர். இரவில் மிஞ்சிய சோறு நீரில் ஊறி, விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் நீராகாரமாயிற்று. மிஞ்சிய குழம்புகள் ஒன்றுசேர்ந்து மறுநாள் சுண்டிப் பழங்கறியாயின. புளித்த மாவு ஊத்தப்பமாகவும் பணியாரமாகவும் மாறியது. புளித்த தயிர் மோர்க்குழம்பாயிற்று. நேற்றைய இட்டலி இன்றைய உப்புமாவாயிற்று. ஒரு பொருள் கெடுவதற்கு முன் எந்த உருவில் மாறினால் இன்னும் ஒரு நாள் வாழும் என்பதை அறிந்த கலை இது.

இக்கலைக்குக் கடுஞ்சோதனை 1941 டிசம்பரில் வந்தது. ஜப்பானியப் படை ஜித்ராவில் போரிட்டு வென்று, அலோர்ஸ்டாரைக் கைப்பற்றித் தெற்கே விரைந்தது. அரிசிக் கப்பல்கள் வருவது குறைந்தது. 1943 அக்டோபரில் கெடா முதலிய வட மாநிலங்கள் தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டன. சயாம்–பர்மா ரயில்பாதைக்காகத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. எஞ்சிய குடும்பங்களை மரவள்ளிக்கிழங்கு காத்தது. தோண்டியெடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருத்துக் கெட்டுவிடும். மண்ணுக்குள் விட்டால் மாதக்கணக்கில் நிற்கும். ஆகையால் அன்றன்று வேண்டியதை மட்டும் தோண்டினர். தோண்டியது மிஞ்சினால் சீவிக் காயவைத்து மாவாக்கினர். கசப்பு வகைக் கிழங்கில் நஞ்சுண்டு என்பதால் ஊறவைத்து, மூடாமல் வேகவைத்து, நீரை இறுத்தனர். இம்முறைகளில் ஒன்று தவறினும் உயிருக்கே கேடு நேர்ந்திருக்கும்.

போர் முடிந்தும் நிம்மதி வரவில்லை. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு சென்று சேராமல் தடுக்க, 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தையொட்டி உணவுக் கட்டுப்பாடுகள் வந்தன. தோட்ட லயங்கள் பல முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில் அரிசி அளந்து தரப்பட்டது. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை இருந்தது. விற்கும்போதே தகரடப்பாக்களில் துளையிடப்பட்டது. சில இடங்களில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வழங்கினர். பிடியரிசி சேர்த்த கைகள் அப்போது அஞ்சின. அளவுக்கு மிஞ்சிய இருப்பு குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. பசிக்கு அஞ்சிச் சேமித்தவள், சேமித்ததற்காகச் சோதனைக்கு அஞ்சினாள். 1960-இல் அவசரகாலம் முடிவுற்ற பின்னரே அந்த அச்சம் முற்றாக நீங்கிற்று.

அதன்பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் செயற்பட, கெடா வயல்களில் ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது. தோட்டங்களில் மாலை நேரத்தில் சில மணி மட்டும் ஓடிய மின்பொறி இருந்தவரை குளிர்பதனப் பெட்டியால் பயனில்லை. நாள் முழுதும் மின்சாரம் வந்தபின்னரே அது லயத்துக்குள் நுழைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு நிலங்களாயும் குறைய, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1996-இல் தொடங்கிய கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் இளைஞர் வேலை பெற்றனர். அவர்களுடைய வீட்டில் உறைபெட்டி வந்தமர்ந்தது. இதன் நன்மையை மறுக்கலாகாது. நாள்தோறும் விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பூதிய பெண்ணுக்கு அது ஓய்வு தந்தது. பழைய இருப்புக் கணக்கைப் பொற்காலமாக்கிப் பேசுவதும் தவறு. அந்தக் கணக்கு ஒத்துவரப் பல வேளைகளில் தாய் கடைசியாக உண்டாள். சில வேளைகளில் உண்ணாமலே படுத்தாள்.

ஆயினும் ஒன்று கைநழுவிப் போயிற்று. தகரத்தில் அரிசி குறைவது கண்ணுக்குத் தெரியும். கருவாடு கெட்டால் மூக்குக்குத் தெரியும். உறைபெட்டியோ கண்ணையும் மூக்கையும் ஏமாற்றுகிறது. பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆனால் அவை அழிவதுமில்லை. உணவு கெடாமல் இருக்கலாம்; சுவையும் பதமும் மெல்லக் குறையும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் மக்கள் கடைகளில் குவிந்து வாங்கினர். பழைய பஞ்சத்தின் அச்சம் அப்போது மீண்டும் தலைதூக்கியது எனலாம். அச்சம் வந்ததேயன்றி, பழையது முதலில் என்னும் ஒழுங்கு உடன் வரவில்லை. உலகளவிலும் இதே நிலைதான். 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணித்துள்ளது.

ஆகவே பாட்டிமாரின் ஒழுங்கை இன்றைய பெட்டிக்கு ஏற்றுவதே செய்யத்தக்கது. முதலில் பெட்டியை முற்றும் வெறுமையாக்கி, உள்ளதை ஒரு தாளில் எழுதவேண்டும். பழையதை மேலும் முன்னும் வைத்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் நாளைக் குறிக்கவேண்டும். அடுத்த பத்து நாளுக்குப் புதிய இறைச்சியோ மீனோ வாங்குவதில்லை என்று உறுதி கொள்ளவேண்டும். பின்பு பொருளுக்கேற்ற உருவைத் தேடவேண்டும். சதை குறைந்த ஆட்டெலும்பு இரசமாகும். இரண்டு மூன்று வகையாகத் துண்டு துண்டாய்க் கிடக்கும் மீன், புளிக்குழம்பில் ஒன்றுசேரும். உதிரியான இறால் நெத்திலியோடு சம்பலாகும். பழைய கோழி, மிளகு கூடுதலாக இட்ட பிரட்டலாகும். துருவிய தேங்காய் துவையலாகும். உறைந்ததைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கவேண்டும். அடுப்படி மேடையில் நெடுநேரம் கிடந்து உருகிய பச்சை இறைச்சியை மீண்டும் உறையவைக்கலாகாது. மிஞ்சிய குழம்பை நன்கு கொதிக்கவைத்த பின்னரே மறுவேளை உண்ணவேண்டும். பழங்கறியைச் சுண்டக் காய்ச்சிய நம் முன்னோர் வழக்கத்தின் பொருளும் இதுவே.

நம் பள்ளிகளுக்கு இதில் ஒரு கடமையுண்டு. தோட்ட லயங்கள் இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் அடுப்பெரித்த மூதாட்டியரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் எம்மாதத்தில் எதைக் காயவைத்தனர், எதை எத்தனை நாள் வைத்தனர், எதனை எதுவாக மாற்றினர் என்பவற்றை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. தமிழாசிரியர்கள் ஒவ்வொரு மாணவனையும் மாணவியையும் தம் வீட்டு மூதாட்டியிடம் அனுப்பி, இவ்வினாக்களுக்கு விடை எழுதிவரச் செய்யலாம். வற்றல், வடகம், கொடியடுப்பு, உரல், பிடியரிசிக் கலம் என்று மறைந்துவரும் சொற்களும் அதனோடு பதிவாகும். அது கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். நாளை எழுதப்படவிருக்கும் கெடாத் தமிழர் வரலாற்றுக்கு மூல ஆவணமாகவும் நிற்கும்.

கடற்படை வந்த ஆண்டை மனப்பாடம் செய்யும் மாணவன், தன் பாட்டி ஒரு மாத அரிசியை முப்பத்தொரு நாளுக்கு நீட்டிய கணக்கையும் அறிந்துகொள்ளட்டும். முன்னதை அவன் நூலில் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். பின்னதை அவள் இருக்கும்போதே கேட்டாகவேண்டும்.