இந்திய புளூ கிராஸ்

இந்திய புளூ கிராஸ் (நீலச் சிலுவை) என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் ஒரு தன்னார்வ விலங்கு நல அமைப்பு ஆகும். இதன் தலைமையகமும் காப்பகமும் கிண்டியில் வேளச்சேரி சாலையில் அமைந்துள்ளன. தெருநாய்களைக் கொல்லாமல் அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த அமைப்பாக இது அறியப்படுகிறது.

வரலாறு

விமானியான கேப்டன் வி. சுந்தரமும், இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளுள் ஒருவரான அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959ஆம் ஆண்டு இவ்வமைப்பைத் தொடங்கினர். மழைநீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் மீட்டு வீட்டிற்குக் கொண்டு வந்ததே இதன் தொடக்கமாகக் கூறப்படுகிறது. 1964இல் இது முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

பணிகள்

* காயமுற்ற, நோயுற்ற விலங்குகளை மீட்டல்
* மருத்துவமனை, அறுவை மருத்துவம்
* கைவிடப்பட்ட விலங்குகளுக்குக் காப்பகம்
* நாய், பூனைகளைத் தத்துக் கொடுத்தல்
* கருத்தடை அறுவை, வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி

நாய் இனக்கட்டுப்பாட்டுத் திட்டம்

சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டு முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. எனினும் நாய்களின் எண்ணிக்கையோ வெறிநாய்க்கடி நோயோ ஒழியவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்குள்ள உணவுக் கழிவை நாடி அண்டைப் பகுதி நாய்கள் குடியேறுவதும், எஞ்சியவை விரைவில் பெருகுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்களே.

இதற்கு மாற்றாகக் கருத்தடை முறையை 1964இல் புளூ கிராஸ் முன்வைத்தது. நிறுவனர்களின் மகனும் பொறியாளருமான சின்னி கிருஷ்ணா இதனைத் தொடர்ந்து வலியுறுத்தினார். மாநகராட்சி இதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1996இல் சென்னையில் கொல்லும் முறை கைவிடப்பட்டது.

இத்திட்டத்தில் நாய் பிடிக்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, தடுப்பூசி இடப்படுகிறது. அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடப்பட்டு, காயம் ஆறியபின் பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது. நடுவண் அரசு 2001இல் இம்முறையை விதிகளாக்கியது. அவற்றுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வெளியிடப்பட்டன.

வெறிநாய்க்கடி நோய்

நோய் அறிகுறிகள் தோன்றியபின் இந்நோய் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிக்கும். மனிதர்களுக்கு வரும் நோயில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே பரவுகிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி இட்டால் பரவலைத் தடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

வளர்ப்போர் கடமைகள்

காப்பகத்தின் இடம் வரையறைக்குட்பட்டது. வீட்டு நாய்கள் தெருவில் விடப்படும்வரை எந்தக் காப்பகமும் போதாது. எனவே வளர்ப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் தேவை:

* குட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டு, மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்தல்
* குட்டிகள் தேவையில்லையெனில் கருத்தடை செய்தல்
* வெளியே அழைத்துச் செல்கையில் கயிற்றில் பிடித்தல்
* உள்ளாட்சி உரிமம் பெறுதல் (சென்னையில் இது கட்டாயம்)
* முதுமையிலோ நோயிலோ கைவிடாதிருத்தல்

உணவும் நீரும் இன்றித் துன்புற நேரிடும் வகையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும் முதல் குற்றத்திற்கு இச்சட்டம் விதிக்கும் தண்டம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே.

விவாதம்

நாய்களை மீண்டும் தெருவில் விடுவதைக் கடிபட்டோர் பலர் எதிர்க்கின்றனர். டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகத்து 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகத்து 22 அன்று அதை மாற்றி, வெறிநோயுற்றவை, மூர்க்கமானவை தவிர்த்த பிறவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடலாகாது என நவம்பர் 7 அன்று ஆணையிட்டது.