எறும்புக் குடியில் வயதுவழி வேலைப்பகிர்வு

எறும்புப் புற்றில் வேலைக்கார எறும்புகள் வயதுக்கேற்ப வேலை மாறும் முறை இது. இவை அனைத்தும் பெண்களே. இளையவை ராணியையும் முட்டை, புழுக்களையும் பேணும். பின்னர் துப்புரவுக்கும் புற்றைச் செப்பனிடவும் நகரும். மூத்தபின் வெளியே இரை தேடும்.

வரலாறு: தென்னிந்திய எறும்பியல் கடற்கரை ஊர்களோடு தொடங்கியது. லின்னேயஸின் மாணவரான டேனிய அறிஞர் பப்ரீசியஸ் 1775இல் முசுறுக்கும், 1787இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு கட்டெறும்புக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். சென்னை ராணுவ மருத்துவரான தாமஸ் ஜெர்டன் (1811–1872), மெட்ராஸ் இலக்கிய, அறிவியல் இதழில் 1851இல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டார். துள்ளிப் பாயும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டரும், சரக்குக் கப்பலேறி உலகத் துறைமுகங்களில் குடியேறிய சிங்கப்பூர் எறும்பும் அதில்தான் பெயர் பெற்றன. 1903இல் பிங்ஹாம் என்பவரின் நூல் எறும்புகளின் வகைப்பாட்டை ஒழுங்குபடுத்தியது. ஊசியில் குத்திய மாதிரியைக் கொண்டு இனத்தைப் பிரிக்கலாம். ஆனால் அந்த எறும்பு உயிரோடிருந்தபோது எந்த வயதில் என்ன செய்தது என்பதை அறிய முடியாது. அதற்கு உயிருள்ள புற்றைக் கவனிக்க வேண்டியிருந்தது.

இயல்பு: கட்டெறும்பின் பேரினத்தைச் சேர்ந்த கேம்போனோட்டஸ் ஃபெல்லா எறும்புகளின் முதுகில் அடையாளச் சீட்டு ஒட்டி, சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தார் 41 நாள் கண்காணித்தனர். தாதி, துப்புரவாளர், இரைதேடி என மூன்று கூட்டம் இருப்பதையும், வயது ஏற ஏற எறும்புகள் இவ்வரிசையில் மாறுவதையும் 2013இல் வெளியிட்டனர். வெளியே வெயிலும் பல்லியும் பகைப் புற்றும் உண்டு; எஞ்சிய ஆயுள் குறைந்தவற்றை அனுப்பினால் குடிக்கு இழப்பு குறைவு. உடற்பருமனே வேலையைத் தீர்மானிக்கிறது என்பாரும் உளர். முசுறில் சிறியவை கூட்டுக்குள் குஞ்சு பேணுவதும் பெரியவை வெளியே திரிவதும் உண்மையே. எனினும் எல்லையோரக் காவற்கூடுகளில் மூத்தவையே மிகுதி என்பதால் வயதும் ஒரு முக்கியக் காரணி. இரைதேடிகள் அழிந்தால் இளையவை முன்கூட்டியே வெளியேறும்.

வடசென்னையில்: ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் கட்டெறும்பு பரவலாக உண்டு. சாறுண்ணிப் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீரைக் குடித்து, வயிறு புடைத்துப் பளபளக்க மரத்திலிருந்து இறங்குபவை பெரும்பாலும் மூத்தவை. எதிரே வரும் எறும்பை உணர்கொம்பால் தடவி, வாயோடு வாய் வைத்து ஊட்டும்.