தெருமூடி மடத்திலிருந்து தெனாவரை வரை

இலங்கையின் வடகோடிப் பட்டினமாகிய பருத்தித்துறையில், வீதியின் இரு மருங்கிலும் உயர்ந்த திண்ணைகளும் கற்றூண்களும் அமைய, அவற்றின்மேல் கவிந்த கூரை தெருவையே மூடிக்கொண்டு நிற்பதால் தெருமூடி மடம் என்று பெயர்பெற்ற ஒரு பழைய மடம் இருக்கிறது. வெயிலில் நடந்து வந்தவன் வழியை விட்டு ஓரடியும் விலகாமலே நிழலுக்குள் புகுந்து, தலைச்சுமையைத் திண்ணையில் இறக்கிவிட்டுக் காலாற அமரலாம். இன்று சைக்கிளில் வருகிறவனோ ஆசனத்தை விட்டு இறங்காமலே ஒரு காலைத் திண்ணை விளிம்பில் ஊன்றிக்கொண்டு இளைப்பாறலாம். தீவின் தென்கோடியாகிய தேவேந்திரமுனைக்குத் தன்னந்தனியே சைக்கிள் மிதித்துப் போக நினைப்பவன் புறப்பட வேண்டிய இடம் இதுவே என்பது என் அபிப்பிராயம். மேடைப் பிரசங்கிகள் ‘பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை’ என்று ஒரே மூச்சில் கடந்துவிடும் அந்தத் தூரம், கண்டி, கொழும்பு, காலி வழியாக வீதியில் போனால் 600 கிலோமீட்டருக்கு மேலாகிறது.

ஒற்றை ஆளாய்ப் பிரயாணம் செய்வது இத்தீவின் பழைய வழக்கமன்று. 1344ஆம் ஆண்டில் இபன் பதூதா என்னும் யாத்திரிகர் புத்தளத்தில் இறங்கி ஆதாம் மலைப் பாதத்தைத் தரிசிக்க விரும்பியபோது, அங்கே அவரை உபசரித்த ஆரியச் சக்கரவர்த்தி ஒரு பல்லக்கையும், 4 யோகிகளையும், 3 பிராமணர்களையும், துணைக்கு 10 பேரையும், உணவுப் பொருள் சுமக்க 15 பேரையும் கொடுத்து அனுப்பினார் என்று அந்த யாத்திரிகரே எழுதிவைத்திருக்கிறார். தேசாந்தரியாகத் திரிந்த ஒருவருக்கே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் துணைபோக வேண்டியிருந்தது என்றால், மற்றவர்கள் காடும் கரடியும் யானையும் நிறைந்த வழியில் கூட்டமாகவே சென்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டி இராச்சியத்திலோ நல்ல பாதை இல்லாமலிருப்பதே ஒரு கோட்டை மதிலாகக் கருதப்பட்டது. அகன்ற வழி பகைவனின் பீரங்கிக்கும் வழியாகும் என்று உணர்ந்த அரசர்கள் பாதைகளை ஒற்றையடித் தடங்களாகவே விட்டு, கணவாய்தோறும் முள்வாயில் அமைத்து, வருவோர் போவோரைக் காவலர் விசாரிக்கும்படி செய்திருந்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு அங்கே சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, தொப்பி பின்னி விற்றும், தலைச்சுமை வியாபாரியாக ஊர் ஊராய்த் திரிந்தும் வடக்கு வழிகளை மெல்ல மெல்ல அறிந்துகொண்டு, 1679இல் ஒரு தோழனோடு அநுராதபுரத்தைக் கடந்து ஆற்றோரமாகவே காட்டில் நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினான். கொழும்பிலிருந்து கண்டி செல்லும் வீதியில் கடவத்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரே பழைய காவல் வாயிலை நினைவூட்டுவது. இன்று அங்கே சைக்கிள்காரனைத் தடுத்து நிறுத்துவது வாகன நெரிசல் மட்டுமே.

1815இல் கண்டி வீழ்ந்தபின், மூடிவைத்த நாட்டைத் திறப்பதற்கு வீதியே ஆயுதம் என்று ஆங்கிலேயர் கண்டுகொண்டார்கள். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவை மலையைக் குடைந்தும் வெட்டியும் கண்டி வீதி அமைந்தது. மீசை அரும்பாத வயதினரான தோமஸ் ஸ்கின்னர் என்னும் இளம் அதிகாரியிடம், வீதிவேலை என்றால் இன்னதென்று அறியாத ஏறக்குறைய 200 கண்டியரை ஒப்படைத்து அதில் 11 மைலைப் போடச் சொன்னார்கள். அவருக்கும் அவ்வேலை அன்றுவரை தெரியாது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல்தான் ஒழிந்தது. அதற்கு முன் வெட்டிய கல் ஒவ்வொன்றிலும் கூலி பெறாத ஒருவனின் வியர்வை இருக்கிறது. மறு ஆண்டில் பேராதனையில் மகாவலியின் குறுக்கே 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவாக முதிரை மரப்பாலம் ஒன்று எழுந்து, 1905 வரை நின்றது. வீதியைத் திட்டமிட்ட டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் உண்டு. கல்லுடைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வடக்கிலிருந்து வருகிறவன் இந்த மலையை எட்டுமுன்னரே மதவாச்சியைக் கடக்கிறான். மன்னார் வழி வந்து சேரும் அந்தச் சந்தியில் சைக்கிளை நிறுத்திச் சற்று நிற்கத்தான் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், கங்காணியின் பின்னே கூட்டங் கூட்டமாக, நீரற்ற காட்டில் 100 மைலுக்கு மேல் நடந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் சென்றது இந்த வழியேதான். வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயின. நடக்க முடியாமல் விழுந்தவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே நடந்தார்கள். தனிமை என்பது அன்று இந்த வழியில் அப்படித்தான் ஒருவனுக்கு வாய்த்தது.

பல்லக்கும் பரிவாரமும் இன்றி, கங்காணியும் இன்றி, மாட்டுக்குத் தீனி தேடும் கவலையும் இன்றி, ஏழை ஒருவன் தன் இஷ்டப்படி தனியே நெடுந்தூரம் போகலாம் என்ற நிலைமையை உண்டாக்கியது துவிச்சக்கர வண்டிதான். 1885இல் ஸ்டார்லி ஏறத்தாழச் சம உயரமுள்ள சக்கரங்களோடு ‘ரோவர்’ வண்டியை அமைத்ததும், 1888இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் வளையத்தை மாட்டியதும் எங்கோ சீமையில் நடந்தவை எனினும், இதில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. அமேசான் வித்துகளிலிருந்து கியூ தோட்டத்தில் முளைப்பித்த ரப்பர்க் கன்றுகளில் சுமார் 1,900 கன்றுகள் 1876இல் கப்பலேறி இங்கே வந்து, கண்டி வீதிக்கு அதிக தூரமில்லாத கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. ரயரில் காற்றுப் போய் அந்தப் பக்கத்தில் எங்கேனும் வீதியோரம் குந்தியிருப்பவன், பிறந்த வீட்டுக்கு அருகில் வந்ததும் அது அடம்பிடிக்கிறது என்று எண்ணி ஆறுதல் அடையலாம்.

மேடும் ஆறும் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளுக்கென்றே பரப்பிய பாய்போல அமைந்த பூமி. வாத்தியார், கிளாக்கர், புகையிலைத் தோட்டக்காரர் ஆகிய எல்லோரும் றலியிலும் ஹம்பரிலும் ஏறினார்கள்; சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை முளைத்தது. ரியூப்பை உருவித் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி கிளம்பும் துளையை விரலால் மறித்து, துடைத்துச் சுரண்டி, சொலூசன் பூசி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டுப் போடுகிற அந்தக் கடைக்காரருக்கு ஊர் வர்த்தமானம் முழுவதும் அத்துப்படி. 1990க்குப் பின் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை என்றான காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

1995 ஒக்டோபர் இறுதியில், வலிகாமத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் ஓரிரவில் கிளம்பி மழையில் நனைந்தபடி செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டியபோது, கரியரில் அரிசி மூட்டையும் பாரில் குழந்தையும் இருக்க, ஏறி மிதிக்க இடமின்றி அந்தச் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே சென்றார்கள். ஒருவனைத் தனியே போகவிட்ட வண்டி அன்றிரவு குடும்பங்களைச் சுமந்தது. யாழ்ப்பாண நகர் வழியாகத் தெற்கே போகிறவன் இன்றும் கடப்பது அதே பாலத்தைத்தான். சோளகம் வீசும் மாதங்களானால் ஆனையிறவு வெளியில் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். வாடைக்காலமானால் முதுகில் கைவைத்து உதவும், ஆனால் மழையையும் கூடவே அழைத்து வரும்.

காலி வீதியைப் பற்றி விரிப்பதற்கு அதிகமில்லை. ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் தென்னையுமாக அது சுகமாகவே கழிந்துவிடும். தேவேந்திரமுனையில் 49 மீற்றர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதற்கப்பால் மிதிக்க நிலமில்லை. இபன் பதூதாவும் இங்கே வந்திருக்கிறார்; தீனவர் என்று அவர் குறிக்கும் இப்பட்டினத்துப் பெருங்கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகிகளும், ஆடிப் பாடும் ஐந்நூறு பெண்களும் இருந்ததாக எழுதுகிறார். 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துத் தீயிட்டார்கள்.

அக்கோயில் தெய்வத்தின் பெயர் தமிழில் எஞ்சியிருப்பது ஒரு கல்லில். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டைக் குறித்து, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல் அது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளை அடுக்கிச் சொல்கிறது. 1911இல் அது அகப்பட்டது காலி நகரில், வீதியோர மதகு ஒன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்த நிலையில். இப்போது அது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மதகு இருந்த இடத்தை நம் சைக்கிள்காரன் முன்னரே, ஒன்றும் அறியாமல், மிதித்துக் கடந்து வந்திருப்பான்.